‘ஜப்பான் பிள்ளைகளைப் பார்’ என்று ஏசுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் இப்போதெல்லாம் ஜப்பான் தவறாமல் வந்துவிடுகிறது. பிரதம விருந்தினர் எழுந்து பேசத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் அதே நான்கு செய்திகள். அங்கே பத்து வயது வரை பரீட்சையே கிடையாதாம். துப்புரவுத் தொழிலாளி என்று ஒருவரும் இல்லையாம், எல்லாம் பிள்ளைகளே செய்கிறார்களாம். ஆறு வயதுப் பிள்ளை தன்பாட்டில் நடந்து பாடசாலை போகிறதாம். ஆசிரியரும் பிள்ளையும் ஒரே சோற்றைச் சாப்பிடுகிறார்களாம். பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களிலும் இதுவே சுற்றுகிறது. கடைசி வரி மட்டும் மாறுவதில்லை: “நம்மடை பிள்ளைகளும் இருக்குதுகளே!”

இந்த நான்கில் முதலாவது பொய். இரண்டாவது பாதி மெய். மற்ற இரண்டும் பெரும்பாலும் மெய்தான், ஆனால் பிள்ளைகளின் பிறவிக் குணத்தால் நடப்பவை அல்ல. பெரியவர்கள் முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாட்டால் நடப்பவை. ஜப்பானிய மொழி கற்பிக்கும் எங்களிடம் மாணவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் விஷயம் இது என்பதால், அந்த ஏற்பாடுகளைக் கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டலாம் என்று எழுதுகிறோம். கடிதம் நீளம்தான், பொறுத்துக்கொள்க.

நடந்து போவதிலிருந்து தொடங்குவோம். முதலாம் தர அனுமதிக்காகக் கொழும்பில் ஒரு குடும்பம் சேர்க்கும் கோப்பு எவ்வளவு தடிப்பு என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாக்காளர் இடாப்பு, காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், மின்பட்டியல், பழைய மாணவர் சங்கச் சான்று என்று அது வளர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் அரசாங்க ஆரம்பப் பாடசாலைக்கு இந்தக் கோப்பு இல்லை. பிள்ளை எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அதை வைத்து நகரக் கல்விச் சபையே பாடசாலையைத் தீர்மானிக்கிறது. நவம்பர் முடிவதற்குள் சேரப்போகும் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. எந்தப் பாடசாலை என்ற அறிவித்தல் ஜனவரி முடிவதற்குள் வீட்டுக்கு வந்தாகவேண்டும். ஏப்ரலில் பாடசாலை தொடங்கும். அவ்வளவுதான். தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாம் ஒரே பாடசாலைக்குப் போவதும், அந்தப் பாடசாலை நடக்கும் தூரத்தில் இருப்பதும் இதனால்தான். ஆரம்பப் பாடசாலைக் கட்டடத்துக்கு மத்திய அரசு உதவி தரும்போது பார்க்கும் அளவுகோலே வீட்டிலிருந்து 4 கிலோமீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பதுதான். நகரங்களில் அதைவிட எவ்வளவோ கிட்ட.

வத்தளையிலிருந்தும் தெஹிவளையிலிருந்தும் காலை ஐந்தே முக்காலுக்குப் பாடசாலை வானில் ஏற்றப்பட்டு, பாதித் தூக்கத்தில் கொழும்புக்குள் வரும் பிள்ளையை “ஜப்பான் பிள்ளை தனியப் போகுது” என்று ஏசுவது என்ன நியாயம்? காலி வீதியை அந்த நேரத்தில் பெரியவர்களே ஓடித்தான் கடக்கிறோம்.

அங்கும் பல இடங்களில் பிள்ளை தனியாகப் போவதில்லை. ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள் ஓர் அணி. குறித்த மூலையில் குறித்த நேரத்துக்குச் சேரவேண்டும். ஆறாம் தரப் பிள்ளை முன்னால், அதற்கு அடுத்த மூத்தது கடைசியில், முதலாம் தரத்துச் சின்னன்கள் தலைவரின் முதுகுக்குப் பின்னால். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டார் பாடசாலைக்கு மட்டுமல்ல, அணிக்கும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மற்றப் பிள்ளைகள் மூலையில் காத்துநிற்கும். போகும் பாதையும் பாடசாலை குறித்துக் கொடுத்ததுதான். குறுக்குவழி கூடாது. நடைபாதையும் கடவையும் உள்ள வழியைத் தெரிந்தெடுப்பதால் சிலவேளை அது சுற்றுவழியாக இருக்கும். கடவைகளில் பெற்றோர் முறைவைத்துக் கொடியோடு நிற்கிறார்கள். முதலாம் தரப் பிள்ளைக்கு மஞ்சள் தொப்பி, புத்தகப்பைக்கு மஞ்சள் உறை. தோள்வாரில் ஓர் அபாய ஒலிப்பான் தொங்கும். கயிற்றை இழுத்தால் காது கிழியக் கத்தும், அதாவது பற்றரி செத்திருக்காவிட்டால். ரயிலில் தனியே போகும் குட்டிப் பிள்ளையின் படம் அடிக்கடி பகிரப்படுகிறதே, அது பெரும்பாலும் தொலைவிலுள்ள தனியார் பாடசாலைக்குப் போகும் பிள்ளை.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் பிழைக்கிறது. 2021 ஜூனில் சிபா மாநிலத்தின் யாச்சிமட்டாவில் பாடசாலை விட்டு வரிசையாக வீடு திரும்பிய பிள்ளைகள்மீது, குடித்துவிட்டு ஓட்டியவரின் லொறி ஏறி இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். பிள்ளைகள் ஒழுங்காகத்தான் போனார்கள். வீதிக்கு நடைபாதை இல்லை. அதன்பிறகு நாடு முழுவதும் பாடசாலைப் பாதைகளை மறுபடி சோதித்தார்கள்.

தோளில் தொங்கும் பெட்டிபோன்ற தோற்பைக்குப் பெயர் ரண்டொசெரு. 1880களில் டோக்கியோவின் ககுஷுயின் பாடசாலையில் படைவீரரின் முதுகுப்பையிலிருந்து வந்த வழக்கம். ஒன்றை வாங்கினால் ஆறு வருடம் பாவிக்கவேண்டும். விலை பல பத்தாயிரம் யென், வெறும் பையே ஒரு கிலோவுக்கு மேல். இதை வியந்து எழுதுபவர்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பாரம் தாங்காமல் முறைப்பாடுகள் பெருகியதால், வீட்டில் தேவைப்படாத புத்தகங்களை வகுப்பிலேயே வைத்துவிட்டுப் போக இடமளிக்கும்படி 2018இல் கல்வி அமைச்சே பாடசாலைகளுக்கு அறிவுறுத்தவேண்டி வந்தது. நம் பிள்ளைகளின் முதுகுகளுக்கு இது அந்நியமான பிரச்சினையே இல்லை.

வாசலில் சப்பாத்து மாற்றும் இடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு, அதில் பெயர். வெளிச் சப்பாத்தை அங்கே வைத்துவிட்டு, உவாபாகி என்ற மெல்லிய வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போகவேண்டும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நமக்கு இதில் புதினம் இல்லை. வெள்ளிக்கிழமை உவாபாகி வீட்டுக்கு வரும், கழுவிக் காயவைத்துத் திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோகவேண்டும். தெருமண் உள்ளே வராததால்தான் அங்கே 15 நிமிடத்தில் ஒரு கட்டடத்தைத் துடைத்து முடிக்க முடிகிறது. இந்த ஒரு படியை விட்டுவிட்டுத் துப்புரவை மட்டும் பின்பற்றினால், மழைநாளில் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் தரை சேறாகத்தான் இருக்கும்.

நேரசூசி பாடசாலைக்குப் பாடசாலை கொஞ்சம் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். எட்டு மணி கழிந்து சற்று நேரத்தில் பிள்ளைகள் உள்ளே இருக்கவேண்டும். அன்றைய முறைகாரர் இருவர் காலைக்கூட்டத்தை நடத்துவார்கள். வரவு, அன்றைய விஷயங்கள், சில பாடசாலைகளில் பத்து நிமிட மௌன வாசிப்பு. எட்டே முக்கால் அளவில் முதற்பாடம். ஆரம்பப் பாடசாலையில் ஒரு பாடவேளை 45 நிமிடம், ஏழாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையான நடுநிலைப் பாடசாலையில் 50. இரண்டு பாடத்துக்குப் பிறகு 20 நிமிட இடைவேளை. எல்லோரும் மைதானத்துக்கு. மறுபடி இரண்டு பாடம், பகலுணவு, விளையாட்டு, துப்புரவு, பின்னேரம் ஒன்றோ இரண்டோ பாடம், கலையுமுன் ஒரு சிறு கூட்டம். முதலாம் தரத்துக்கு வருடத்தில் 850 பாடவேளை, நான்காம் தரத்திலிருந்து 1015. அதாவது சின்னப் பிள்ளைக்கு நாளுக்கு ஐந்து பாடம், பெரிய பிள்ளைக்குப் பெரும்பாலும் ஆறு. ஆறு பாடம் உள்ள பிள்ளை பாடசாலை விட்டு வெளியே வர மூன்றரை மணியாகும். 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிக்கப் பழகிய நாம் இதைக் கவனிக்கவேண்டும். துப்புரவுக்கும் சாப்பாட்டுக்கும் அங்கே நேரம் ஆகாயத்திலிருந்து விழவில்லை, நாளை நீட்டித்தான் எடுத்திருக்கிறார்கள்.

இனித் துப்புரவு. தொழிலாளியே இல்லை என்பது சரியல்ல. குழாய் பழுது, உடைந்த யன்னல், மரம் வெட்டுதல், குப்பை அகற்றுதல் போன்றவற்றுக்குப் பாடசாலைப் பராமரிப்பாளர் இருக்கிறார். மலசலகூடத்தைப் பல இடங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சுத்தம் செய்கிறார்கள், சில நகரங்கள் அந்த வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிட்டன. பிள்ளைகளின் பங்கு வகுப்பறை, நடைகூடம், படிக்கட்டு, சப்பாத்து மாற்றும் இடம், விஞ்ஞான அறை, இசை அறை.

யார் எந்த வேலை என்பதை ஆசிரியர் அன்றன்று சொல்வதில்லை. சுவரில் ஒரு மட்டை வட்டம் தொங்கும். வெளிவட்டத்தில் வேலைகள், உள்வட்டத்தில் குழுக்கள், நடுவில் ஓர் ஊசி. வாரத்துக்கு ஒருமுறை உள்வட்டத்தை ஒரு கட்டம் திருப்பினால் எல்லோருக்கும் வேலை மாறிவிடும். “நான் போன கிழமையும் கூட்டினேன் ரீச்சர்” என்ற வழக்குக்கு இடமில்லை. ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கினால் துப்புரவு தொடங்கும், பாட்டு நின்றால் நிற்கும்.

வகுப்பறையைச் சுத்தம் செய்யும் விதம் இது. முதலில் கதிரைகளைத் தலைகீழாக மேசைமேல் கவிழ்த்து, மேசைகள் எல்லாவற்றையும் வகுப்பின் பின்பாதிக்குத் தள்ளவேண்டும். காலியான முன்பாதியைக் கூட்டி, அதன்பின் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். மேசைகளை முன்னால் இழுத்து, பின்பாதியை அதேபோலக் கூட்டித் துடைக்கவேண்டும். பிறகு மேசைகளைப் பழைய இடத்தில் வைக்கவேண்டும். எந்த இடம் என்று தெரியத் தரையில் சிறு அடையாளங்கள் இட்டிருப்பார்கள். துடைத்துவிட்டுக் கூட்டினால் தூசி ஈரத்தில் ஒட்டிக் கோடுபோடும், அதனால் முறை மாறக்கூடாது. கரும்பலகையை மேலிருந்து கீழே ஒரே திசையில் அழிக்கவேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வெண்கட்டித் தூள் பரவுமே தவிரப் போகாது.

துடைதுணியைப் பிழிவதற்கும் ஒரு பாடம் உண்டு. சின்னப் பிள்ளை துணியைக் கிடையாகப் பிடித்து இரண்டு கையையும் எதிரெதிரே முறுக்கும். அதில் பலம் போதாது, தண்ணீர் பாதி துணியிலேயே நிற்கும். அங்கே சொல்லிக்கொடுப்பது நிலைக்குத்தாகப் பிடிக்க. கிரிக்கெட் மட்டையின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்து, முழங்கையை நீட்டியபடி உள்நோக்கி முறுக்கவேண்டும். அப்போது மணிக்கட்டின் பலம் முழுதும் துணிக்கு வரும். சரியாகப் பிழியாத துணியால் துடைத்தால் தரை வழுக்கும், அடுத்த நிமிடமே யாராவது விழுவார்கள். விளக்குமாற்றை மட்டையாகவும் சுருட்டிய துணியைப் பந்தாகவும் வைத்து விளையாடும் பையன்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நடுவில் ஆசிரியரும் துணியோடு குனிந்து நிற்பதால் அந்த ஆட்டம் நெடுநேரம் நீடிப்பதில்லை.

நம் பாடசாலைகளில் பிள்ளைகள் கூட்டுவதில்லை என்று யார் சொன்னது? காலை மணி அடிக்குமுன் வகுப்பறையில் தும்புத்தடியும் முற்றத்தில் ஈர்க்கு விளக்குமாறுமாகப் பிள்ளைகள் நிற்பதைக் காணாதவர் யார்? ஆனால் அது நேரசூசிக்கு வெளியே நடக்கும் வேலை. வெள்ளனப் பாடசாலைக்கு வரக்கூடிய பிள்ளைக்கே எப்போதும் விழும். வானில் கடைசி நேரத்துக்கு வருபவர் தப்பிவிடுவார். பிடி கழன்ற தும்புத்தடி ஒன்றுக்கு ஐந்து பேர் அடிபடுவார்கள். ஆசிரியர் மேற்பார்வை பார்ப்பார், துணியைத் தொடமாட்டார். வாசலில் மட்டும் ‘5 எஸ்’ என்ற ஜப்பானிய ஒழுங்குமுறையின் பலகை பளபளவென்று இருக்கும். அந்த ஐந்தில் ‘செய்சோ’ என்பது சுத்தம் செய்தல். பலகைக்குச் செலவழித்ததில் கால்வாசி போதும், நல்ல தும்புத்தடி பத்து வாங்கலாம்.

பகலுணவுக்கு வருவோம். க்யூஷோகு எனப்படும் பாடசாலை உணவு 1889இல் யமகதா மாநிலத்தின் ட்சுருஒகாவில், பௌத்த விகாரை ஒன்றில் இயங்கிய பாடசாலையில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்ததில் தொடங்கியதாகச் சொல்வார்கள். சட்டம் 1954இல் வந்தது. சமையலறை, கருவிகள், ஆட்சம்பளம் நகரசபையின் பொறுப்பு. அரிசி, மீன், மரக்கறி முதலியவற்றின் விலையை மட்டும் பெற்றோர் கட்டுவது சட்டம் சொல்லும் முறை. 2023இல் அது ஆரம்பப் பாடசாலையில் மாதத்துக்குச் சராசரி 4,688 யென். இன்று பல நகரங்கள் அதையும் தாங்களே ஏற்றுக்கொண்டுள்ளன.

நான்காம் பாடம் முடிந்ததும் முறைக்குழு வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் போட்டுக் கைகழுவிச் சமையலறைக்குப் போகும். வாளிகளையும் தட்டுகளையும் இரண்டு பேர் இரண்டு பேராகத் தூக்கி வருவார்கள். சூப்பு வாளியைத் தூக்கும் இருவரும் ஏறத்தாழ ஒரே உயரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சரிந்து கொட்டும். முதலில் ஆசிரியர் ஒரு கோப்பையில் அளவாகப் போட்டுக் காட்டுவார். அகப்பைக்கு எவ்வளவு என்று அதைப் பார்த்துத்தான் பரிமாறுவார்கள். அளவு பார்க்காத வகுப்பில் கடைசி வரிசைக்குக் கறி எட்டாது. சோறு அல்லது பாண், ஒரு பிரதான கறி, மரக்கறி, சூப்பு, 200 மில்லிலீற்றர் பால். எல்லோருக்கும் வந்தபிறகு கைகூப்பி ‘இததாகிமஸ்’ (நன்றியோடு பெற்றுக்கொள்கிறேன்) என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைக்கலாம். பரிமாற 15 நிமிடம், சாப்பிட 20 நிமிடம், எடுத்துவைக்கப் பத்து. பால் பெட்டியை அலசி, விரித்துக் காயவைத்து மீள்சுழற்சிக்கு அனுப்பும் பாடசாலைகள் பல. லஞ்ச் ஷீற்றைச் சுருட்டி யன்னலால் எறியும் பழக்கத்துக்கு அங்கே வழியில்லை, ஏனென்றால் லஞ்ச் ஷீற்றே இல்லை. வெள்ளை அங்கியை வாரக் கடைசியில் ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து அயன் பண்ணி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கவேண்டும். தோய்ப்பது யார்? அம்மாதான்.

பாராட்டுபவர்கள் பார்க்காத பகுதி சமையலறைக்குள் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்னரேனும் அதிபரோ பொறுப்பான ஒருவரோ அதே உணவைச் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவெழுதவேண்டும். அன்றைய ஒவ்வொரு மூலப்பொருளிலும் சமைத்த ஒவ்வொரு உணவிலும் 50 கிராம் எடுத்து, மைனஸ் 20 பாகை அல்லது அதற்கும் கீழான குளிரில் இரண்டு வாரம் வைத்திருக்கவேண்டும். யாருக்காவது வயிற்றோட்டம் வந்தால் எந்தப் பொருளால் என்று கண்டுபிடிக்க அதுவே சாட்சி. 1996 ஜூலையில் ஒசாக்காவுக்கு அருகே சக்காய் நகரில் பாடசாலை உணவினால் ஓ157 கிருமி பரவி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்று, சிலர் இறந்தபின்தான் விதிகள் இவ்வளவு இறுகின. ஒவ்வாமை இன்னொரு ஆபத்து. 2012 டிசெம்பரில் டோக்கியோவின் சோஃபு நகரில் பால் ஒவ்வாமையுள்ள ஐந்தாம் தரச் சிறுமி இறந்தாள். அவளுக்குச் சீஸ் இல்லாமல் தனியாகச் செய்த உணவு சரியாகத்தான் வந்தது. மிஞ்சியதை இரண்டாம் முறை பரிமாறியபோது சீஸ் கலந்தது கொடுபட்டுவிட்டது. ‘ஒரே சோறு’ என்ற அழகான வாசகத்துக்கு உள்ளே இத்தனை தாள்வேலை இருக்கிறது. நம் ஆரம்பப் பிரிவுகளில் பகலுணவு கொடுக்கும் பாடசாலைகள் இதில் முதலில் எடுக்கவேண்டியது வெள்ளை அங்கியை அல்ல, அந்த 50 கிராமை.

பரீட்சை இல்லை என்ற கதை எங்கிருந்து பிறந்தது என்று தெரியவில்லை. முதலாம் தரத்திலேயே அலகு முடிய அலகு சோதனைத்தாள் உண்டு, 100 புள்ளிக்கு. எழுத்துச் சோதனை தனி. நம் பிள்ளை 247 எழுத்தோடு மல்லுக்கட்டுகிறது என்று இரங்குகிறோம். அங்கே முதல் வருடத்தில் ஹிரகனா, கதகனா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளில் 46, 46, அவற்றோடு சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகள் 80. ஆறாம் தரம் முடியும்போது கன்ஜி மட்டும் 1,026. நாள்தோறும் பாடப்பகுதியை வீட்டில் உரத்து வாசிக்கவேண்டும். கேட்டதற்கு அடையாளமாகப் பெற்றோர் அட்டையில் ஒப்பமிடவேண்டும். ஆறாம் தரத்துக்கும் நடுநிலையின் மூன்றாம் வருடத்துக்கும் 2007 முதல் ஏப்ரலில் நாடளாவிய அடைவுச் சோதனை நடக்கிறது. இல்லாதது என்னவென்றால், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று சின்ன வகுப்புத் தவணை அறிக்கையில் போடுவதும், சித்தியடையாவிட்டால் வகுப்பேற்றாமல் விடுவதும்தான். நம் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அங்கே அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்பதும் சொல்லப்படுவதில்லை. டோக்கியோவில் தனியார் நடுநிலைப் பாடசாலைகளின் நுழைவுப் பரீட்சைகள் பெப்ரவரி 1ஆம் திகதி தொடங்கும். அதற்குத் தயாராகும் பிள்ளை மூன்றாம் தரம் முடிகிற காலத்திலேயே ஜுகுவில், அதாவது ரியூஷனில், சேர்ந்துவிடும்.

இடர்ப்பயிற்சிகளைப் பற்றி நம்மவர் குறைவாகவே பேசுகிறார்கள். எமக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பல பாடசாலைகளில் பிள்ளையின் கதிரையில் கிடக்கும் மெத்தை, விரித்தால் தலையை மூடும் பஞ்சுமுக்காடு. நிலம் ஆடினால் மேசைக்குக் கீழே போய் மேசைக்காலைப் பிடிக்கவேண்டும். வெளியேறும்போது நான்கு விதி: தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. 2011 மார்ச் 11 சுனாமியில் கமாயிஷி நகரின் உனோசுமாயில் நடுநிலைப் பாடசாலைப் பிள்ளைகள் மேட்டுக்கு ஓட, பக்கத்து ஆரம்பப் பாடசாலையும் பின்தொடர, ஏறத்தாழ 600 பேர் தப்பினர். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே போனதுதான் அவர்களைக் காப்பாற்றியது. அதே நாளில் இஷினோமாகியின் ஒகாவா ஆரம்பப் பாடசாலையில் 108 மாணவருள் 74 பேரையும் ஆசிரியர் 10 பேரையும் அலை கொண்டுபோனது. பிற்பகல் 2.46க்கு நில நடுக்கம். எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் பிள்ளைகளை முற்றத்தில் சுமார் ஐம்பது நிமிடம் நிறுத்திவைத்தார்கள். பாடசாலைக்குப் பின்னால் குன்று இருந்தது. கையேட்டில் ‘அருகிலுள்ள வெற்றுக்காணி, பூங்கா முதலியன’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் காணி என்று இல்லை. பாடசாலையின் முன்னாயத்தம் போதாமையே காரணம் என்ற தீர்ப்பை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2004இல் நம் சுனாமி ஞாயிற்றுக்கிழமை, போயா நாளில், அதுவும் விடுமுறையில் வந்தது. வேலைநாளாக இருந்திருந்தால் கரையோரப் பாடசாலைகளில் எந்தக் கையேடு எந்தக் காணியைச் சொல்லியிருக்கும்?

நீச்சலையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். 1955 மே மாதம் ஷியுன் மாரு என்ற பயணப்படகு மோதி மூழ்கியதில் 168 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பாடசாலைச் சுற்றுலா போன பிள்ளைகள். பாடசாலைகளில் நீச்சல் தடாகம் கட்டும் வேகம் அந்தக் காலத்திலிருந்துதான் கூடியது. இன்று அந்தத் தடாகங்கள் பழசாகி, பராமரிக்கக் கட்டுப்படியாகாமல் பல நகரங்கள் வெளித் தடாகங்களை நாடுகின்றன. நாமும் தீவில்தான் இருக்கிறோம்.

நடுநிலைப் பாடசாலைக்குப் போனதும் படம் மாறுகிறது. சீருடை, அதுவும் பெற்றோர் செலவில். இங்கே 1993 முதல் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கும் நமக்கு அந்த விலை திகைப்பைத் தரும். பாடம் முடிந்ததும் புகாட்சு என்ற கழகம்: பேஸ்போல், டெனிஸ், வாத்தியக்குழு, ஏதோ ஒன்று. ஆறு மணிக்கு வீடு, சாப்பாடு, ஜுகு, ஒன்பது பத்து மணிக்குத் திரும்புதல். சனி ஞாயிறும் பயிற்சி என்ற நிலை முற்றியதால் 2018இல் வாரம் இரண்டு நாள் ஓய்வு, வேலைநாளில் இரண்டு மணிநேரத்துக்கு மேற்படாது என்று அரசு வழிகாட்டல் விட்டது. விதிகளும் கூடும். இயற்கையில் கபில நிற முடியுள்ள பிள்ளையைக் கறுப்புச் சாயம் பூசச் சொன்ன பாடசாலைகள் இருந்தன. டோக்கியோ மாநகர உயர்நிலைப் பாடசாலைகள் அப்படியான விதிகளைக் கைவிட்டது 2022 ஏப்ரலில்தான்.

இதற்கெல்லாம் விலை உண்டு. 2023 கல்வியாண்டில், நோயோ வறுமையோ காரணமில்லாமல் 30 நாளோ அதற்கு மேலோ பாடசாலைக்கு வராத ஆரம்ப, நடுநிலை மாணவர் 3,46,482 பேர். ஆசிரியர் பக்கம் பார்த்தால், 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் (OECD) ஒப்பாய்வில் ஜப்பானிய நடுநிலை ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 56 மணிநேரம். கலந்துகொண்ட நாடுகளிலேயே மிகக் கூடியது, சராசரியோ 38.3. பிள்ளையோடு சாப்பிட்டு, பிள்ளையோடு துடைத்து, பின்னேரம் கழகத்தில் நின்று, இரவு தாள் திருத்தும் ஆசிரியர்தான் நம் மேடைகளில் புகழப்படும் அந்த ஒழுக்கத்தின் அச்சாணி. நம் ஆசிரியர்களிடம் அதைக் கேட்பவர்கள் சம்பளத்தையும் நேரத்தையும் கூடவே பேசவேண்டும்.

ஆனாலும் இது ஜப்பானிய இரத்தத்தில் மட்டும் ஓடுவதல்ல. துப்புரவு, முறைவேலை, வகுப்புக் கூட்டம் எல்லாம் சேர்ந்த இந்தப் பகுதிக்கு அங்கே தொக்கட்சு என்று பெயர். எகிப்து அதை எடுத்து 2018இல் எகிப்திய-ஜப்பானியப் பாடசாலைகளைத் தொடங்கியது. இங்கே அவ்வளவு பெரிதாக வேண்டாம். ஒரு தவணைக்கு, ஒரு தரத்தில், இடைவேளைக்குப் பிறகு பத்தே நிமிடத்தை நேரசூசியில் எழுதிப் பாருங்கள். அதிபரும் அந்தப் பத்து நிமிடம் அலுவலகத்தில் இருக்கக்கூடாது. மட்டை வட்டம் ஒன்று, தும்புத்தடி ஐந்து, வாளி இரண்டு. பழைய துவாயை நாலாக மடித்து, ஓரம் தைத்து, குறுக்கே பெருக்கல் குறிபோல இரண்டு தையல் போட்டால் துடைதுணி. ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. யன்னலோரம் ஒரு கம்பி கட்டிக் கவ்வி போட்டுத் துணிகளைக் காயவைக்கவேண்டும். கம்பி கட்டாமல் வாளிக்குள்ளேயே விட்டால் இரண்டாம் நாள் நாறும், மூன்றாம் நாள் எந்தப் பிள்ளையும் அதைத் தொடாது.

இங்ஙனம்,
ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.